ஆடு தின்ற விதிகள்: சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு ஒழுங்கைப் பழக்குவது எப்படி?

என் முதல் விதிப் பட்டியலை ஆடு தின்றது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2001-இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெள்ளை சார்ட் ஒன்றில் 14 விதிகளைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, மைதா பசை காய்ச்சி, வகுப்பு வாசலுக்கு வெளியே ஒட்டினேன். சத்துணவு மணி அடித்து எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரு வெள்ளாடு வந்து, அடியிலிருந்து ஆரம்பித்துப் பதினோராம் விதி வரை தின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்தது. பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மிச்சம் இருந்த பத்து விதிகள் மட்டும் என்ன செய்தன? என் வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டவே தெரியாது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பதினான்கு விதி எழுதி ஒட்டியவள் நான். ஆட்டைக் குறை சொல்ல முடியாது.

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் தொடக்கப்பள்ளி. ஈராசிரியர் பள்ளி. மொத்தம் 43 பிள்ளைகள். ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் 27 பேர், அது என் பொறுப்பு. நாலும் ஐந்தும் அடுத்த அறையில். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "டீச்சர், உங்க வகுப்பு மட்டும் எப்படி அடங்கி இருக்கு?" என்பதுதான். அடங்கியெல்லாம் இல்லை. ஆனால் எது எப்போது செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அது எப்படி வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நாலு விரலுக்கு நாலு

விதிகள் நாலு போதும். என் வகுப்பில் இவைதான்:

செருப்பு வெளியே, ஜோடியாக.
டீச்சர் கை தூக்கினால் எல்லாரும் கை தூக்குவோம், வாய் மூடுவோம்.
அவரவர் நாள் அவரவருக்கு.
கையும் காலும் கல்லும் யார் மேலும் படாது.

இடது கையை விரிக்கச் சொல்லி, சுண்டு விரலிலிருந்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுச் சொல்லிப் பழக்குவேன். நாலு விரல் முடிந்ததும் கட்டை விரல் மிஞ்சும். அதற்கு, "ஏதாவது ஆனா டீச்சர்ட்ட சொல்லு." ஒன்றாம் வகுப்புக் குழந்தை மூன்றாவது நாளிலேயே கையை விரித்துக்கொண்டு மடமடவென்று சொல்லிவிடும். சுவரில் எதுவும் வேண்டாம். ஆட்டுக்கும் வேலை இல்லை.

விதியை எழுதும்போது 'ஆதே' என்று முடிகிற சொற்கள்தான் நம் வாயில் முதலில் வரும். கத்தாதே, ஓடாதே, எழுந்திருக்காதே. ஆறு வயதுப் பிள்ளையிடம் "கத்தாதே" என்றால் அது அப்புறம் என்ன செய்ய வேண்டும்? பேசாமல் இருப்பதா, மெதுவாகப் பேசுவதா, பக்கத்துப் பிள்ளை காதில் சொல்வதா? செய்ய வேண்டியதைச் சொன்னால் செய்துவிடுகிறார்கள். என் நாலாவது விதி மட்டும் 'படாது' என்று முடிகிறது. அதையும் "அன்பாக நடந்துகொள்வோம்" என்று ஒரு வருஷம் மாற்றிப் பார்த்தேன். அன்பாகவே ஒருத்தன் இன்னொருத்தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டான். பழையபடியே வைத்துக்கொண்டேன்.

செருப்பு என்ற பாடம்

ஜூனில் பள்ளி திறந்ததும் பலரும் முதல் நாளே புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். நான் முதல் வாரம் இந்த நாலு விதியைத்தான் பாடமாக நடத்துவேன். பாடம் என்றால் பாடம்தான். செய்து காட்டுவது, செய்ய வைப்பது, தப்பைக் கண்டுபிடிக்க வைப்பது, மறுபடி செய்ய வைப்பது.

செருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலையில் நானே என் செருப்பை ஒன்று வாசலிலும் ஒன்று படியிலுமாக எறிந்துவிட்டு உள்ளே வருவேன். "சரியா இருக்கா?" "இல்ல டீச்சர்!" "அப்ப யாராச்சும் சரி பண்ணுங்க." ஒருத்தி போய் ஜோடி சேர்த்து வைப்பாள். எந்தப் பக்கம் பார்த்து வைத்தாள் என்று கேட்பேன். போகும்போது காலை அப்படியே நுழைக்கிற மாதிரி முன்பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அப்புறம் ஐந்தைந்து பேராக வெளியே போய், செருப்பை மாட்டி, வேப்பமரம் வரைக்கும் நடந்து, திரும்பி வந்து கழற்றி வைத்து, உள்ளே வந்து பாயில் உட்கார வேண்டும். எல்லோரும் முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். மதியம் இன்னொரு தடவை. மறுநாள் இரண்டு தடவை. வீண் நேரம் என்று தோன்றும். வருஷம் முழுக்கத் தினமும் பத்து நிமிஷம் செருப்புக்காகத் தொண்டை கிழியக் கத்துவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காரணத்தையும் காட்ட வேண்டும், வெறுமனே சொன்னால் போதாது. எங்கள் ஊரைச் சுற்றிலும் சீமைக்கருவேலம். பிள்ளைகள் நடந்து வருகிற ஒற்றையடிப் பாதை முழுக்க முள். யாராவது ஒருவருடைய செருப்பை வாங்கி அடிப்பக்கத்தைத் திருப்பி, குத்தியிருக்கிற முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன். ஒரு தடவை ஒரே செருப்பில் ஏழு முள் வந்தது. "இது பாயில விழுந்தா யாருக்குக் குத்தும்?" யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் குனிந்து தங்கள் பாயைத் தடவிப் பார்த்தார்கள். அதற்குமேல் நான் என்ன விளக்குவது?

இவ்வளவு செய்தும் அந்த விதி ஆகஸ்டில் உடைந்தது. சாயங்காலம் மணி அடித்ததும் வாசலில் தினமும் சண்டை. பார்த்தால், 27 பேரில் இருபது பேருக்காவது ஒரே மாதிரி நீல வார் ரப்பர் செருப்பு. எது யாருடையது என்று தெரியவில்லை. ஒரு நாள் ஒருத்தி அடுத்தவளின் செருப்பில் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் அம்மா மறுநாள் காலையில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாக. நான் பிள்ளைகளைத் திட்டினேன். ஒரு வாரம் திட்டினேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு நாள் தன் செருப்பு வாரில் பச்சை வலை நூலால் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தான். அவன் அப்பா வலை பொத்துகிறவர், அதாவது கிழிந்த வலையைத் தைக்கிறவர். மறுநாள் இன்னும் நாலு பேர் செருப்பில் நூல் ஏறியது. வாரம் முடிவதற்குள் எல்லாருக்கும் ஆளுக்கொரு அடையாளம்: பச்சை ஒரு முடிச்சு, பச்சை இரண்டு முடிச்சு, சிவப்பு, மஞ்சள், இரண்டும் முறுக்கினது. சண்டை நின்றது. ஒரு விதி திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் உடைந்தால் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த இடத்தைப் பாருங்கள். அங்கே முடிச்சுப் போடவேண்டிய ஏதோ ஒன்று இருக்கும்.

சத்தம்

வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிற ஆசிரியர்கள் முதல் நாளே சொல்கிற குறை, "இந்தப் புள்ளைக ஏன் இப்படிக் கத்துதுக?" என்பது. கரையிலிருந்து படகுக்குக் கூப்பிட்டால் காற்றைத் தாண்டிக் கேட்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். மீன் ஏலம் எடுக்கிற இடத்தில் மெதுவாகப் பேசுகிறவருக்கு மீன் கிடைக்காது. அந்த வீடுகளில் வளர்கிற பிள்ளையின் சாதாரணக் குரலே பெரிய குரல்தான். அது மரியாதைக் குறைவு இல்லை. "சத்தம் போடாதே" என்றால் பிள்ளைக்குத் தான் சத்தம் போடுவதே தெரியாது.

நான் குரலுக்குப் பேர் வைத்தேன். படகைக் கூப்பிடுவது கரைக் குரல். அது வெளியே, விளையாட்டு நேரத்துக்கு. எழுந்து நின்று வகுப்புக்கே பதில் சொல்வது ஏலக் குரல். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வலை பொத்தும்போது பேசுவது வலைக் குரல், அது குழுவாக வேலை செய்யும்போது. மூன்றையும் பேசிக் காட்டச் சொன்னேன். வலைக் குரலுக்கு ஒரு சின்னப் பெண் தன் ஆத்தாவைப் போலக் காலை நீட்டி உட்கார்ந்து, கையில் இல்லாத ஊசியைக் கோத்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவளிடம் முணுமுணுவென்று பேசினாள். வகுப்பே அமைதியாகப் பார்த்தது. இப்போது அறையில் சத்தம் ஏறினால் "வலைக் குரல்" என்ற ஒரு சொல் போதும். பத்தில் ஏழு தடவை அடங்கும். மீதி மூன்று தடவைக்குக் கை தூக்க வேண்டும்.

கை தூக்குவதற்கு முன்னால் வேறொன்றை முயன்று பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரையும் ஒரே நேரத்தில் கவனிக்க வைக்க ஏதாவது ஓசை வேண்டும் என்று, கீழக்கரையில் ஒரு சின்னச் சங்கு வாங்கி வந்தேன். கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சங்கு பொருத்தம் என்று எனக்குப் பெரிய பெருமை. ஊதிய ஐந்தாவது நிமிஷம் தெருவிலிருந்து ஒரு பாட்டி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே ஓடி வந்தாக. "யாரு டீச்சர்? யாரு போனது?" நம் ஊரில் பகல் பதினொரு மணிக்குச் சங்கு ஊதினால் வேறென்ன அர்த்தம்? அதோடு சங்கு அலமாரிக்குப் போனது.

கை தூக்குவதில் ஒரு நுணுக்கம் உண்டு. கையைத் தூக்கிவிட்டு நீங்கள் பேசக் கூடாது. "கை தூக்கிட்டேன் பாருங்க, அங்க யாரு பேசுறது" என்று ஆரம்பித்தால் தொலைந்தது. தூக்கின கையோடு கடைசிப் பிள்ளை அடங்கும் வரை சும்மா நில்லுங்கள். முதல் வாரம் இரண்டு நிமிஷம்கூட ஆகும். கை வலிக்கும். பரவாயில்லை.

அவரவர் நாள்

முறை வைத்துக் காத்திருப்பதுதான் சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் கஷ்டம். "பொறு, உன் முறை வரும்" என்றால் நம்ப மாட்டார்கள். இங்கே எனக்கு உதவியது கடல்தான்.

பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நாலு நாள் என்று ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் போனால் நாட்டுப்படகுக்காரர் விரித்த வலையை விசைப்படகின் இழுவலை அறுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளைகள். "இன்னைக்கு நம்ம நாள் இல்ல" என்று அப்பா வீட்டில் இருப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். நாள் இல்லை என்றால் கடல் அடுத்தவருடையது, நம் நாள் வந்தால் நமக்கு. இதை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

வேப்பமரத்துக் கயிற்று ஊஞ்சலுக்கும், கலர் பென்சில் டப்பாவுக்கும், கரும்பலகை துடைக்கிற வேலைக்கும் (அதற்குத்தான் பெரிய அடிதடி) நாள் பிரித்தோம். யாருக்கு எந்த நாள் என்பதை அவர்களே சீட்டு எடுத்து முடிவு செய்தார்கள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "நாள் மீறிப் போனா வலை அறுந்துரும், சண்டை வரும், சமயத்துல படகையும் பிடிச்சுருவாக டீச்சர். இங்க மீறினா என்ன பண்ணுவீக?" நல்ல கேள்வி. நான் திணறினேன். பதில் சொன்னது இன்னொரு பெண்: "அடுத்தவ நாள எடுத்தா, ஒன் நாள அவளுக்குக் குடுத்துரணும்." அப்படியே எழுதாத சட்டமாகிவிட்டது. அன்றிலிருந்து முறைச் சண்டைகளில் நான் தலையிடுவது குறைவு. அவர்களே நாள் கணக்குப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். சில சமயம் வட்டியோடு.

கேட்காமலே நடக்க வேண்டியவை

ஒரு நாளில் நம் தொண்டைத் தண்ணீரைப் பெரும்பாலும் தின்பது சில்லறை விஷயங்கள். "டீச்சர் ஒண்ணுக்கு", "டீச்சர் பென்சில் இல்ல", "டீச்சர் இவன் என் ரப்பர எடுத்துட்டான்". இவற்றுக்கு விதி போடாதீர்கள். ஒரு பொருளை வைத்துவிடுங்கள்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் வலை மிதவை ஒன்று கயிற்றில் தொங்குகிறது. ஒண்ணுக்கோ ரெண்டுக்கோ போகிறவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும், என்னிடம் கேட்க வேண்டியதில்லை. ஆணியில் மிதவை இல்லை என்றால் யாரோ வெளியே இருக்கிறார்கள், காத்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. அவசரம் என்றால் மிதவை பார்க்க வேண்டாம், ஓடலாம். ஐந்து வயதுப் பிள்ளையை விதிக்காகக் காக்க வைத்து அது பாவாடையை நனைத்துக்கொண்டால், அன்றைக்கு அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது வெட்கத்தை மட்டும்தான்.

பென்சிலுக்கு ஒரு டப்பா. அதில் குட்டிப் பென்சில்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் எழுதிய ஒரு சிப்பி உண்டு. பென்சில் எடுத்தால் சிப்பியைப் போட வேண்டும், பென்சிலைத் திருப்பி வைத்தால் சிப்பியை எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் டப்பாவில் சிப்பி கிடந்தால் எண்ணைப் பார்த்துக் கேட்பேன், அவ்வளவுதான். இதில் ஒரு கண்டிப்பு எனக்கு நானே போட்டுக்கொண்டது. 'திருடினான்' என்ற சொல்லை வகுப்பில் நானும் சொல்வதில்லை, பிள்ளைகள் சொன்னாலும் "சிப்பி போட மறந்துட்டான்" என்று திருத்திவிடுவேன். சின்ன ஊர். ஆறு வயதில் ஒட்டுகிற பேர் கல்யாண வயது வரைக்கும் கூட வரும்.

மீறினால்?

இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறோம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை உடலால் தண்டிக்கவும் கூடாது, மனத்தளவில் துன்புறுத்தவும் கூடாது என்கிறது. நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம். பெஞ்சு மேல் ஏற்றுவது, வெளியே முட்டி போட வைப்பது, "நீ எல்லாம் எங்க உருப்படப் போற" என்பது எல்லாம் அந்தத் தடைக்குள்தான் வரும். சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது என் மேசையிலும் ஒரு பிரம்பு இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? அதை எடுத்து வைத்த முதல் மூன்று மாதம் என் வகுப்பு சந்தைக்கடை. பிரம்பு இருந்தவரை நான் எதையும் பழக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பெற்றோர் வேறு விதம். "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சுருங்க டீச்சர்" என்று பாசமாகச் சொல்லிவிட்டுப் போவாக. அவர்களிடம் சட்டம் பேசினால் எடுபடாது. "அடிச்சா இன்னைக்கு உட்காருவான், நாளைக்கு நான் லீவு போட்டா?" என்று கேட்பேன். அது புரிகிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நாலு விதியையும் விரல் விட்டுச் சொல்லிக் காட்டுவது என் வழக்கம். அப்பாக்களைப் பிடிக்க ஜூன் முதல் பாதி நல்ல நேரம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகில் கூலிக்குப் போகிற அப்பாக்கள் அப்போது வீட்டில்தான் இருப்பார்கள், பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதும் அவர்கள்தான். 15-ஆம் தேதிக்குப் பிறகு தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

சரி, மீறினால் என்ன செய்வது? கெடுத்ததைச் சரி செய்வதுதான். தண்ணீரைக் கொட்டியவர் துடைக்க வேண்டும். செருப்பை எறிந்தவர் போய் வரிசை முழுவதையும் ஒரு தடவை நேராக்க வேண்டும். உள்ளே ஓடியவர் வாசலுக்குத் திரும்பிப் போய் நடந்து வர வேண்டும். கோபமில்லாத குரலில், அந்த நிமிஷமே. சாயங்காலம் வரைக்கும் தள்ளிப்போட்டால் எதற்கு என்று பிள்ளைக்கே மறந்துவிடும். சாப்பாட்டிலும் விளையாட்டு நேரத்திலும் கை வைக்காதீர்கள். ஓடி ஆடாத பிள்ளை மதியம் இன்னும் இரண்டு மடங்கு குதிக்கும், அதை அனுபவிக்கப் போவதும் நீங்கள்தான்.

அப்புறம், லீடர். நாம் எல்லோரும் படித்த காலத்தில் இருந்தே வருகிற வழக்கம்: டீச்சர் வெளியே போனால் லீடர் கரும்பலகையில் பேசினவர் பேரை எழுதுவது, மறுபடி பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவது. நானும் வைத்திருந்தேன். ஒரு நாள் பலகையில் பேரே இல்லை. ஆச்சரியமாகப் பாராட்டினேன். இடைவேளையில் பார்த்தால் லீடரின் கவுன் பையில் இரண்டு மாங்காய்ப் பத்தை, ஒரு பாக்கெட் அப்பளப்பூ, நாலு நெல்லிக்காய். பேர் அழிக்க நெல்லிக்காய், குறி அழிக்க மாங்காய் என்று விலைப்பட்டியலே இருந்திருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையை வேவு பார்க்க வைத்தது என் தப்பு. அன்றோடு அந்தப் பதவியை எடுத்துவிட்டேன். நான் வெளியே போக வேண்டி வந்தால் பக்கத்து அறை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறேன்.

விதி ஒன்று, பிள்ளை வேறு வேறு

தாமதத்துக்கு என்னிடம் விதி இல்லை. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்த பிறகு தாமதம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அப்படியும் சில நாள் வருவார்கள். அம்மா விடியற்காலையில் மீன் எடுக்கப் போயிருப்பாக, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. அந்தப் பிள்ளையை வாசலில் நிறுத்திக் காரணம் கேட்டால் வகுப்புக்கே அதன் வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். செருப்பை வை, கையைக் கழுவு, உன் பாயில் உட்கார். அவ்வளவுதான். காரணத்தை மதியம் தட்டு கழுவும்போது பேச்சுவாக்கில் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு வருஷம் ஒரு பையன், அமைதியானவன், திடீரென்று கல்லெறிய ஆரம்பித்தான். அவன் அப்பா எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில் சிறையில் இருந்தார். நாலாவது விதியை அவனுக்காக விட முடியாது, அடிபடுவதும் ஒரு பிள்ளைதானே. அவன் பாயைக் கொண்டுவந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டேன். தண்டனையாக இல்லை என்பது தெரிய, மணி அடிக்கிற வேலையும் அவனுக்கே. கை துறுதுறுக்கும்போது என் சேலைத் தலைப்பைப் பிடித்துத் திருகிக்கொண்டிருப்பான். அப்பா திரும்பி வந்த வாரம் தானாகவே பாயைச் சுருட்டிக்கொண்டு பழைய இடத்துக்குப் போய்விட்டான். அந்தச் சேலை ஓரம் இன்னும் சுருங்கித்தான் இருக்கிறது.

மறுபடியும் ஜூன்

பழக்கினது அப்படியே நிற்காது. காலாண்டு விடுமுறை, அரையாண்டு, பொங்கல், ஊர்த் திருவிழா, சந்தனக்கூடு, கார்த்திகையில் மழைக்கு விடுகிற லீவு. ஒவ்வொன்றுக்குப் பிறகும் பிள்ளைகள் புதிதாகத்தான் வருவார்கள். அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நாம் கோபப்படுவதில் அர்த்தமில்லை. லீவு முடிந்த முதல் நாள் பதினொரு மணி வரைக்கும் எனக்கு மறுபடியும் ஜூன் மாதம்தான். செருப்புப் பாடம், கை தூக்கும் பாடம், மூன்று குரல். இந்தத் தடவை நடத்துவது நான் இல்லை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். என்னைவிடக் கறாராக நடத்துவார்கள்.

நடுவில் வந்து சேருகிற பிள்ளைக்கு ஒரு துணையைச் சேர்த்துவிடுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையைத் துணையாகப் போடாதீர்கள், அது பாடம் சொல்ல ஆரம்பித்துவிடும். போன வருஷம் நடுவில் வந்து சேர்ந்த பிள்ளை இருந்தால் அதுதான் சரியான ஆள்.

உங்களுக்கும் அதே விதிதான் என்பதையும் பிள்ளைகள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். வருகைப் பதிவெல்லாம் இப்போது செல்போன் செயலியில். ஒரு நாள் வருகை போட எடுத்த போனில் வந்திருந்த செய்தியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். முன் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. பேசவில்லை, வெறும் கை. அப்புறம் இன்னொரு கை. கொஞ்ச நேரத்தில் 27 கையும் மேலே, வாய் மூடி, என்னையே பார்த்துக்கொண்டு. போனை மேசை டிராயரில் போட்டு நானும் கையைத் தூக்கினேன். இப்போதெல்லாம் "வருகை போடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பது.

கடைசியாக, சாமான்கள். மிதவை, வலை நூல், வாசலில் செருப்புக் கோடு போட மிச்சப் பெயிண்ட் (சுண்ணாம்புக் கோட்டைக் கடல் காற்று இரண்டே நாளில் மண் மூடி அழித்துவிடும்), இவையெல்லாம் எந்த மீன் இறங்குதுறையிலும் சும்மாவே கிடைக்கும். கேட்டால் காசு வாங்க மாட்டார்கள், எதற்கு என்று மட்டும் கேட்பார்கள். சிப்பியையும் மிதவையையும் நன்றாகத் தேய்த்துக் கழுவி நாலு நாள் வெயிலில் போட்டுவிட்டு வகுப்புக்குக் கொண்டுபோங்கள். முதல் வருஷம் நான் அதைச் செய்யவில்லை. எனக்கும் பிள்ளைகளுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பார்வையிட வந்த அதிகாரிதான் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "இங்க யாராச்சும் கருவாடு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.